‘மெத்தே’ என்ற சொல்லும் மேலே போகாத அலமாரியும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகையால் நலம். இடது முழங்காலையும் குளியலறைக் குழாயையும் மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அவை இரண்டும் யார் சொன்னாலும் கேட்பதில்லை. அங்கே நீங்களும் உங்கள் பூனையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை வருடம் “வா மாப்பிள்ளை, போ மாப்பிள்ளை” என்று கூப்பிட்டவன் திடீரென்று “நீங்கள்” என்கிறானே, கிழவனுக்கு மூளை பிசகிவிட்டதா என்று யோசிக்க வேண்டாம். இது சொந்தக் கடிதம் அல்ல. எங்கள் தேவாலயத்தின் கிரேக்கச் சொல் விளக்கக் குழுவின் தலைவர் என்ற முறையில், ஒரு துறையில் நெடுங்கால அனுபவம் உள்ள நிபுணரிடம் கருத்துக் கேட்டு எழுதும் அலுவல் கடிதம். மரியாதை குறையக் கூடாது. உங்கள் பதில் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. இதற்காக நேரில் வர வேண்டிய அவசியம் அறவே இல்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

விஷயம் இதுதான். வேதத்தைக் கிரேக்க மூலத்தில் படிக்க ஆசைப்படும் மாணவர்களுக்காக, அதில் வரும் முக்கியமான சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதி ஒரு சின்ன அகராதி போடுகிறோம். குழு என்றதும் பெரிய சபை என்று நினைத்துவிடாதீர்கள், மூன்றே பேர். வாழ்நாள் முழுவதும் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து மாணவர்களைத் தூங்கவைத்த நான் ஒருவன். ஓய்வு பெற்ற பெரிய போதகர் ஒருவர். மூன்றாவது, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா. டீச்சருக்குக் கிரேக்கம் தெரியாது. “ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, பை எல்லாம் நீங்க பொறந்ததுலருந்தே எனக்குப் பழக்கம்” என்று சொல்லிக் குழுவில் சேர்ந்துவிட்டார், யாருக்கும் மறுக்கத் தைரியம் வரவில்லை. தேவாலயத்தின் பின்னறையில், கால் உடைந்த நாற்காலிகளுக்கும், பிள்ளைகள் நாடகத்துக்குச் செய்த அட்டை ஆட்டுக்குட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். ஆல்ஃபாவில் தொடங்கி லாம்டா வரை வண்டி ஒழுங்காக ஓடியது. வழியில் காப்பா எழுத்தில் ‘கிரைபாலே’ என்று ஒரு சொல் வந்து மறித்தது. நிறையக் குடித்த பிறகு வரும் தலைக்கனம், குமட்டல் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். பெரிய போதகருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்பதால் அவரை விவரிக்கச் சொல்லி, கேட்டு எழுதி ஒப்பேற்றிவிட்டோம். பிறகு மியூ வந்தது. மியூவில் ‘மெத்தே’ வந்தது. வண்டி நின்றது. அச்சகக்காரர் தினமும் போன் செய்து, “ஐயா, அந்த ஒரு எழுத்து வந்துச்சா?” என்று பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் மாதிரி கேட்கிறார்.

‘மெத்தே’ என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களை வைத்துத்தான் அந்தச் சொல்லையே நான் புரிந்துகொண்டேன். ஆனாலும் முறைக்குச் சொல்கிறேன். குடித்து மயங்கிய நிலைக்குப் பெயர் அது. அதன் வேர் பழங்காலத்தில் தேனிலிருந்து இறக்கிய கள் வரைக்கும் போகிறது. நம் வாயில் புழங்கும் ‘மது’வுக்கு அது தூரத்துச் சொந்தம். புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது, மூன்றும் எச்சரிக்கை. நான் வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தையே எழுதிக்கொண்டு போனேன்: “மெத்தே: பெயர்ச்சொல். குடிவெறி.” டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பெரிய போதகரே நிமிர்ந்து உட்காருவார்.

“வெறின்னா? நாய்க்கு வருமே, அதுவா?”

“இல்லம்மா. குடிச்சவனுக்கு வர்றது.”

“வந்தா என்ன பண்ணுவான்?”

நான் போதகரைப் பார்த்தேன். போதகர் அட்டை ஆட்டுக்குட்டியைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரின் வயதையும் கூட்டினால் ஒரு சரித்திரப் பாடம் வரும், அதில் ஒரு சொட்டு மது கிடையாது. போதகரோ ஒரு போதகர் வீட்டிலேயே பிறந்தவர். டீச்சர் ஓமத்தண்ணீருக்கே மூக்கைப் பிடிப்பவர். என் அம்மா எனக்கு இருமல் மருந்து கொடுக்கும்போதுகூட முகர்ந்து பார்த்து, சந்தேகத்தோடுதான் கொடுப்பாள். குடிவெறியைப் பற்றி அகராதி எழுத உட்கார்ந்திருக்கிறோம், குடிப்பவனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான். “என் மைத்துனர் குடிப்பார். ஆனா வெறின்னு ஒண்ண நான் அவர்கிட்ட பாத்ததே இல்ல” என்றேன். “அப்ப என்னதான் பாத்தீங்க?” என்றார் டீச்சர். சொல்ல ஆரம்பித்தேன். அன்று தேநீர் மூன்று தடவை ஆறிப்போயிற்று.

நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் வருவீர்கள். லிஃப்ட் கம்பெனி வேலை முடிந்து, கையில் கிரீஸ் வாசனையோடு, தோளில் கருவிப் பையோடு, எங்கள் வாசல் கேட்டைத் திறந்து, உள்ளே வந்து, திரும்பி நின்று கேட்டுக்கு “தேங்க்ஸ்” சொல்லி மூடுவீர்கள். மூடுவாய். போகட்டும், இந்தப் பத்தி மட்டும் ‘நீ’ என்றே எழுதிவிடுகிறேன், ‘நீங்கள்’ போட்டால் எனக்கு ஞாபகமே வரமாட்டேன் என்கிறது. கூடத்தில் கோட்டு மாட்டும் தாங்கியில் என் தொப்பி தொங்கும். அதன் மேல் இடித்துக்கொண்டு, “மன்னிச்சிக்குங்க அத்தான், நீங்க நிக்கிறதக் கவனிக்கல” என்பாய். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உன் அக்கா என் காதில், “உங்கள விட அதுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி” என்பாள். நீ யாரையும் ஏசியதில்லை, எதையும் உடைத்ததில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் மன்னிப்பும் நன்றியும் சொல்லிக்கொண்டு ஒருவன் வீட்டுக்குள் நடந்தால் அதற்கு வெறி என்றா பெயர் வைப்பது?

அந்த அலமாரிக் கதையையும் சொன்னேன். எங்கள் படுக்கையறையில் இரட்டைக் கதவு மர அலமாரி, ஒரு பாதி அவளுக்கு, ஒரு பாதி எனக்கு. ஒரு சனிக்கிழமை நீ நேராக உள்ளே போய், அதைத் திறந்து, காலைத் தூக்கி வைத்து ஏறி, லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாரும் செய்வது போலத் திரும்பி வாசலைப் பார்த்து நின்று, மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டாய். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

“அக்கா, மேல போக மாட்டேங்குது.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை. “ஓவர்லோடுடா. இறங்கு.”

“நான் ஒருத்தன்தானக்கா இருக்கேன்.”

“நீ ஒருத்தன். நீ உள்ள ஏத்திக்கிட்டு வந்தது எவ்வளவு? அதையும் சேத்து எடை போடு.”

நீ இறங்கி வந்து, கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, என்னிடம் தொழில்முறையாகச் சொன்னாய்: “கேபிள் நல்லாத்தான் இருக்கு அத்தான். கதவுலதான் கோளாறு. திங்கக்கிழம வந்து பாக்குறேன்.” நாங்கள் சிரித்து மறந்துவிட்டோம். நீ திங்கட்கிழமை உண்மையாகவே வந்தாய், நல்ல தெளிவோடு, எண்ணெய் டப்பாவோடு. “என்னமோ தெரியல அத்தான், உங்க அலமாரித் தாழ்ப்பாளப் பாக்கணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு” என்று சொல்லி எண்ணெய் விட்டுவிட்டுப் போனாய். அதிலிருந்து அந்தத் தாழ்ப்பாளுக்கு உன்னைத் தவிர வேறு யாரும் எண்ணெய் விட்டதில்லை.

கிரேக்கம் படித்ததும் அப்படித்தானே? “அத்தான், நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குறத எனக்கும் சொல்லிக்குடுங்க” என்று ஒரு சனிக்கிழமை பிடிவாதம் பிடித்தாய். ஆல்ஃபா, பீட்டா, காமா கற்றுக்கொண்டாய். மறுநாள் தெளிந்தபின் கேட்டால் ஒன்றும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை ஏற்றிக்கொண்டு வந்ததும், விட்ட இடத்திலிருந்து “டெல்டா” என்றாய்! என் கல்லூரியில் தெளிந்த பையன்கள்கூட அத்தனை சுத்தமாகப் படித்ததில்லை. “அவனுக்குக் கிரேக்கம், எனக்குக் கிறுகிறுப்பு” என்பாள் உன் அக்கா. ஒரு நாள் நீ நாற்காலியிலேயே சரிந்து தூங்கும்போது, “இப்ப இவன் இருக்கானே, இதுக்குக் கிரேக்கத்துல என்ன பேரு?” என்று கேட்டாள். “மெத்தே” என்றேன். “மெத்தேயோ மெத்தையோ, அவன் காலப் பிடிங்க, தூக்கிப் படுக்க வைப்போம்” என்றாள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், மழையில் ஊறிப்போன வயலுக்கும் அதே சொல்லின் வினையைப் போட்டிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்த உன்னைப் பார்த்து, “நல்லா ஊறியிருக்கான். ஏதாவது முளைக்குதான்னு பாப்போம்” என்றாள். சிரித்தாள் என்பதற்காகக் கவலைப்படவில்லை என்று நினைத்துவிடாதே. நீ தூங்கும் அறைக்குப் போய்ப் போய், உன் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். ஒரு தடவைகூட உன்னிடம் நிறுத்து என்று சொன்னதில்லை. “சொன்னா வர மாட்டான். வந்தாத்தான் எனக்குத் தெரியும், உசிரோட இருக்கான்னு” என்பாள்.

இந்தக் கதைகளை எல்லாம் கேட்டு பெரிய போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் மட்டும் அசையவில்லை. “கதை நல்லா இருக்கு. ஆனா இது விளக்கம் இல்லியே. எந்த டம்ளர்ல ஆரம்பிக்குது? அதுக்கு முன்னாடி நிக்கிறவன் யாரு, பின்னாடி நிக்கிறவன் யாரு? கோடு எங்க?” என்றார். “அவருக்கே எழுதிக் கேட்டுறலாமே” என்றார் போதகர். “அவர் விட்டுட்டார்” என்றேன். உன் அக்கா படுக்கையில் விழுந்த வருடம் நீ யாரும் கேட்காமலே விட்டாய். சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு, கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாய். அவள் உன் முகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “என்னடா, வாசனையே இல்ல, நீ என் தம்பிதானா?” என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அவளை வழியனுப்பிய நாளில் எங்கள் எல்லாரையும்விட நேராக நின்றவன் நீதான். அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுக்கு வரவே இல்லை. போனில் கேட்டபோது, “தெளிஞ்ச கண்ணோட அந்த வீட்டப் பாக்க முடியல அத்தான்” என்றாய். அதற்கு என்ன பதில் சொல்வது என்று கிரேக்கத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், தமிழிலும் தேடிப் பார்த்துவிட்டேன். லாம்டாவோடு உன் பாடமும் நின்றது. மியூ நீ படிக்கவே இல்லை.

அலுவலுக்கு வருகிறேன். கடைசியில் குழு ஒருமனதாக ஒரு முடிவு எடுத்தது. நாங்களே குடித்துப் பார்ப்பது. ஒருவர் குடித்து மற்ற இருவர் பார்த்தால் போதாதா என்று போதகர் கேட்டார். “அது சாட்சி இல்ல ஐயா, வேடிக்கை” என்று டீச்சர் ஒரே போடாகப் போட்டார். ஆகவே மூவரும். யாருக்கும் நம்மைத் தெரியாத பேட்டையில் வாங்கலாம் என்று பஸ் ஏறி, ஊரின் அந்தக் கோடிக்குப் போய், ஒரு மதுக்கடையைத் தேர்ந்தெடுத்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தால், கடைக்காரர் எழுந்து நின்று கையைக் கூப்பி, “அடடே, போதகரய்யா! வாங்க வாங்க!” என்கிறார். போதகர் கையால் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவராம். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். “யாருக்குங்கய்யா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். போதகர் பொய் சொல்லமாட்டார். “அகராதிக்கு” என்றார். கடைக்காரர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சரின் துணிப்பையைப் பார்த்தார். உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. பிறகு லேபிள் கிழித்த ஒரு புட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, “லேபிள் இல்லாம இருக்குறதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. உங்க வயசுக்கு இதுவே ஜாஸ்தி, பாத்து” என்று கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். போதகர் எழுந்து நின்று, “ஆண்டவரே, இது தாகத்துக்கு அல்ல, அகராதிக்கு” என்று சுருக்கமாக ஜெபித்தார். டீச்சர் மூன்று டம்ளரிலும் அளவு ஒன்றாக வருகிறதா என்று மேஜை மட்டத்துக்குக் குனிந்து பார்த்து ஊற்றினார். தரையில் சாக்குக்கட்டியால் நேர்கோடு ஒன்றும் போட்டு வைத்திருந்தார், நடந்து பார்க்க. குடித்தோம். இனிப்பு. நல்ல இனிப்பு. இதற்கா மாப்பிள்ளை முகத்தை அப்படிச் சுளித்துக்கொண்டு குடித்தாய்? இரண்டாவது டம்ளரில் போதகர், “காது சூடாகுது” என்றார். அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஆராய்ச்சியில் மறைக்கக் கூடாது. டீச்சர் எழுந்து கோட்டின் மேல் நடந்தார். கொஞ்சமும் பிசகாமல் நடந்துவிட்டு, “கோடுதான் கோணல்” என்று காலால் அழித்துவிட்டு வேறு கோடு போட்டார், அதையும் அழித்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, “நான் சொல்லிக்குடுத்த புத்தகத்துல, கடைசிப் பக்கத்து விடை எத்தனையோ தப்பு. சரியாப் போட்ட பிள்ளைங்களுக்குத் தப்புன்னு போட்டேன். மேலதிகாரிக்குப் பயம்” என்று விசும்பினார். போதகர் அவருக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தேவாலயத்தின் பாடகர் குழுத் தலைவியின் குரல் தமக்கு ஆகவே ஆகாது என்றும், ஆராதனை நேரம் முழுவதும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பீடத்தில் நின்றார் என்றும், மக்கள் அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லி, மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்த வேகத்திலேயே புது விளக்கம் எழுதினோம்: “மெத்தே: உள்ளே இருப்பது அனுமதி கேட்காமல் வெளியே வரும் நிலை.” டீச்சர் அதற்கு இரண்டு அடிக்கோடு போட்டார். என் வாழ்நாள் வகுப்பில் இத்தனை நேர்த்தியான விளக்கம் எனக்கு வாய்த்ததில்லை.

எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. “தலைவருக்கு ஏறல” என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். வெயில் இறங்கும் முன்பே வீட்டுக்கு நடந்துவிட்டேன், கொஞ்சம் ஏமாற்றம்தான். படுக்கையறைக்குப் போய்க் கோட்டைக் கழற்றினேன். இப்போதெல்லாம் கோட்டை நாற்காலி முதுகில்தான் போடுகிறேன், அலமாரியைத் திறப்பதில்லை. அன்று ஏனோ இரண்டு கதவையும் திறந்தேன். அவள் பாதியில் எல்லாம் அவள் மாட்டிய வரிசையிலேயே தொங்கின. பச்சைக் கோட்டு, சாம்பல் நிறச் சால்வை, பொத்தான் அறுந்து, அப்புறம் தைத்துக்கொள்கிறேன் என்று அவள் வைத்திருந்த ஒரு சட்டை. அவள் முகப்பவுடர் வாசனை இன்னும் இருக்கிறது, நீ நம்பமாட்டாய். அவற்றை ஓரமாக ஒதுக்கினேன். காலைத் தூக்கி வைத்து ஏறினேன். திரும்பி வாசலைப் பார்த்து நின்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன். இருட்டு. என் வாய் தானாகச் சொன்னது:

“மேல போக மாட்டேங்குது.”

யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. பதில் வரும் என்று நின்றேன். லிஃப்டுக்குக் காத்திருப்பவன் போலவே பொறுமையாக நின்றேன். ஒருத்தரும் ஓவர்லோடு என்று சொல்லவில்லை. அப்புறம் அழுதேன். சத்தமாக. வழியனுப்பிய அன்று அழாததெல்லாம் அன்றைக்கு வந்தது. அழுது முடித்துக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, வெளிப்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. எண்ணெய் கண்டு எத்தனை காலமாகிறது அதற்கு! தட்டினேன், கத்தினேன். கடைசியில் மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடைப் பெண், குழாய் ஒழுகுவதைச் சொல்ல இறங்கி வந்தவள், “சார்? எங்க சார் இருக்கீங்க?” என்று அறை அறையாகத் தேடினாள்.

“உள்ள.”

“எதுக்குள்ள சார்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “லிஃப்டுக்குள்ளம்மா” என்றேன்.

திறந்தாள். உன் அக்காவின் பச்சைக் கோட்டுக் கை என் கழுத்தில் மாலை மாதிரி விழுந்திருக்கிறது, முகமெல்லாம் ஈரம். “சார், குடிச்சிருக்கீங்களா?” என்றாள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உன்னைத் தவிர யாருக்கும் புரியாது. “ஆமாம்மா. நல்லாக் குடிச்சிருக்கேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் கிட்டே வந்து முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. “குழாய் ஒழுகுது சார்” என்று மட்டும் சொன்னாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள், எந்தக் குழாய் என்று நானும் கேட்கவில்லை.

ஆக, நிபுணரிடம் குழு கேட்பது இதுதான். குடித்த இடத்தில் ஒன்றும் தெரியாமல், நடந்து வீடு வந்தபின் தாமதமாக ஏறுவது உண்டா? மறுநாள் தலைவலி, குமட்டல் எதுவும் எங்கள் மூவருக்கும் வரவில்லை. பசி எடுத்தது. அது வயதின் கோளாறா, அல்லது காப்பா எழுத்தில் கிரைபாலேயைத் திருத்தி எழுத வேண்டுமா? இன்னொன்று, குழுவின் சார்பாக அல்ல, நானாகக் கேட்பது. குடித்தால் சிரிப்பவனையே இத்தனை காலம் பார்த்தவன் நான். எனக்கு ஏன் அழுகை வந்தது? அந்தத் துக்கம் புட்டியில் இருந்ததா, என்னிடம் இருந்ததா? அன்று நீ அலமாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவைக் கூப்பிடுவதற்கு முன்னால், சற்று நேரம் சத்தமில்லாமல் நின்றாயே, அந்த நேரத்தில் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய்? இத்தனை வருடமாகக் கேட்கத் தோன்றவே இல்லை. பதிலை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தபாலில் அனுப்பினால் போதுமானது. நான் அலமாரியில் நின்றதையும் அழுததையும் மதுவின் விளைவு என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைச் சொந்த விஷயமாக நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், நேரில் வர அவசியமில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கழுத்தைச் சுற்றி எதையாவது போடுங்கள், உங்கள் அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள். பூனைக்கு என் விசாரிப்புகள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. போக்கு நன்றாகத்தான் நடக்கிறது, வரத்தைத்தான் காணோம்.

இப்படிக்கு,
குழுத் தலைவரும்
உங்கள் அத்தானுமாகிய நான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன், அதனால் ஓரம் கிழிந்திருக்கும். இன்று காலை பெரிய போதகரும் டீச்சரும் அந்த மதுக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். கடைக்காரர் உட்காரக்கூட மாட்டேன் என்றார். “மனசு கேக்கலங்கய்யா. எனக்கு முழுக்குக் குடுத்த கையில நான் எப்படி அத எடுத்துக் குடுப்பேன்? அது வெறும் திராட்சைச் சாறு. என் பேத்திக்கு வாங்கி வெச்சிருந்தது” என்றார். டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப அன்னிக்கு நாம பேசினதுக்கெல்லாம் நாமதான் பொறுப்பா?” என்றார். போதகர் நிலைமை இன்னும் மோசம். நேற்றுதான் பாடகர் குழுத் தலைவியைத் தேடிப் போய், மது மயக்கத்தில் உங்களைப் பற்றி ஒன்று உளறிவிட்டேன், பொருட்படுத்தாதீர்கள் என்று மன்னிப்புக் கேட்டு, என்ன உளறினார் என்பதையும் விவரமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்கள் புது விளக்கத்தை அடித்துவிட்டோம். அகராதியில் பழைய குடிவெறியே இருக்கும்.

வேதத்தில், சீடர்கள் ஒரு நாள் காலையில் ஒரு சொட்டும் குடிக்காமல் நிறைந்த மனசோடு பேசியதைக் கேட்டு, இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று ஊர் சிரித்தது. இல்லையப்பா, இன்னும் பொழுதே ஏறவில்லை என்று அவர்களில் மூத்தவர் எழுந்து சொன்னார். அந்த இடத்திலும் இதே சொல்லின் வினைதான். வருடா வருடம் அதைப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் கணக்கில் வைக்காதே. நிபுணர் கருத்து வேண்டாம், ஒரு பக்கப் பதிலும் வேண்டாம். அலமாரிக்குள் நின்று மேலே போக மாட்டேன் என்கிறது என்று சொன்னவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. தெளிந்த கண்ணோடு இந்த வீட்டைப் பார்க்க முடியவில்லை என்றாயே, நானும் இத்தனை நாளும் தெளிந்த கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனியாகப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு வா, தாழ்ப்பாள் ஒட்டுகிறது. மியூவிலிருந்து பாடத்தையும் தொடங்கிவிடலாம், உனக்குத் தெளிவிலும் ஏறுகிறதா என்று பார்ப்போம். அலமாரிக்குள் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம், நின்று பார்த்துவிட்டேன். இறங்குடா என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம், வா.